கடன் தொகையிலேயே தகராறு: எதிர்க்கம்பெனி என்சிஎல்டிக்குப் போகாதபடி ராமநாதபுரம் கோர்ட்டில் தடை வாங்க முடியுமா?

வேதாளைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மண்டபம் பக்கத்தில் எங்கள் குடும்பம் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், நண்டு வாங்கிச் சுத்தம் செய்து, உறையவைத்து, தூத்துக்குடி வழியாக அனுப்புகிறோம். புதிதாக ஒரு பிளேட் ஃப்ரீசர், அதற்கான கம்ப்ரசர், குழாய் வேலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வெளியூர் கம்பெனியிடம் கொடுத்தோம். ஜூன் 14 ராத்திரி தடைக்காலம் முடிகிறது, அதற்குள் மெஷின் ஓடவேண்டும் என்பதுதான் பேச்சு. மாட்டினார்கள், ஓடவும் செய்தது. ஆனால் படகுகள் போய்த் திரும்பி முதல் பெரிய சரக்கு வந்த அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிட்டது. உறைந்த சரக்குக் கட்டியின், அதாவது பிளாக்கின், நடுவில் மைனஸ் 18 டிகிரி வரவேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டியும் மைனஸ் 10ஐத் தாண்டவில்லை. காலையில் பிளாக்கைத் தட்டினால் ஓரம் கல் மாதிரி இருக்கிறது, நடுவில் விரல் இறங்குகிறது. சரக்கைக் காப்பாற்ற வண்டி பிடித்துத் தூத்துக்குடியில் வாடகைக் குளிர்கிடங்குக்கு ஏற்றினோம். அந்த சீசன் முழுக்க அதே பாடுதான்.

அவர்களுடைய இன்ஜினியர் வந்து பார்த்து, கம்ப்ரசர் திறன் போதவில்லை, மாற்றவேண்டும் என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். மாற்றித் தரவே இல்லை. மெயில், வாட்ஸ்அப் என்று நாங்கள் விடாமல் கேட்டோம். மாற்றும்வரை மீதிப் பணம் கிடையாது என்று நிறுத்தி வைத்தோம்.

இப்போது வக்கீல் மூலம் நோட்டீஸ் வந்திருக்கிறது, திவால் சட்டம் 8ஆம் பிரிவு என்று போட்டு. அசல் 91 லட்சம், 24 சதவீத வட்டி 18 லட்சம், ஆக 1 கோடியே 9 லட்சம், 10 நாளில் கட்டு, இல்லையென்றால் என்சிஎல்டியில் (கம்பெனித் திவால் வழக்குகளைப் பார்க்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) மனு போடுவோம் என்கிறார்கள். அதில் நாலு நாள் போய்விட்டது.

சித்தப்பா சொல்கிறார், அந்தக் காலத்தில் தெரிந்த கம்பெனி ஒன்றின் மேல் இதே மாதிரி, கம்பெனியையே மூடச் சொல்லும் கலைப்பு மனு வந்தபோது கோர்ட்டில் ஸ்டே வாங்கி நிறுத்தினார்களாம். பினாங்கில் இருக்கும் மச்சானும், அங்கே மனு போடுவதற்கு முன்பே தடையாணை வாங்கிவிடலாம் என்கிறான். அப்படியானால் ராமநாதபுரம் ஜில்லா கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டு, இவர்கள் என்சிஎல்டிக்குப் போகவே கூடாது என்று தடை கேட்கலாமா? மனு உள்ளே போய்விட்டது என்று பேங்க் காதில் விழுந்தால் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் பேங்க் தரும் கடன்) நின்றுவிடும் என்பதுதான் பயம். ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் வேதாளை, தங்கச்சிமடம் பக்கம், வாரக்கூலியை நம்பி இருப்பவர்கள்.

பழையகட்டு

தம்பி, கம்பெனி வழக்குகளில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். ஜில்லா கோர்ட் தடை கிடைக்காது. முயற்சி செய்து மிச்சமிருக்கும் ஆறு நாளை வீணாக்கவும் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் 1963ஆம் வருஷத்துக் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், பிரிவு 41(பி). தனக்குக் கீழ்ப்படாத ஒரு கோர்ட்டில் யாரும் வழக்குத் தொடுக்கக்கூடாது என்று எந்தக் கோர்ட்டும் தடை போடமுடியாது. கலைப்பு மனு விஷயத்திலேயே இதை உச்ச நீதிமன்றம் 1983இல் காட்டன் கார்ப்பரேஷன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருவன் கோர்ட் வாசலை மிதிப்பதையே தடுக்கும் இடைக்காலத் தடை செல்லாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அதற்குமேல் 2016 திவால் சட்டம் வேறு கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறது. பிரிவு 63, 231 இரண்டும் சிவில் கோர்ட்டுக்கு இதில் அதிகாரமே இல்லை என்கின்றன. 64(2) எந்தக் கோர்ட்டும் தடையாணை தரக்கூடாது என்கிறது. ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா என்று அடுத்துக் கேட்பாய். ஹைகோர்ட்டின் அதிகாரத்தை இந்தப் பிரிவுகள் பறிக்கவில்லை, உண்மைதான். ஆனால் சட்டத்துக்குள்ளேயே பதில் சொல்ல வழி இருக்கும்போது, இரண்டு தனியார் கம்பெனிகளின் பில் தகராறில் ஹைகோர்ட் பெரும்பாலும் கை வைக்காது.

உன் சித்தப்பா சொல்வது பொய்யில்லை, அது வேறு காலம். 1956 கம்பெனிச் சட்டத்தில் 433(இ), 434 என்று இரண்டு பிரிவு. 500 ரூபாய்க்கு மேல் கடன் இருந்தால் போதும், மூன்று வாரம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஹைகோர்ட்டில் கலைப்பு மனு போடலாம். மனுவை ஏற்றதும் பேப்பரில் விளம்பரம் வரும். ஊரே படிக்கும், பேங்க் மேனேஜர் படிப்பார், அத்தோடு கம்பெனி படுத்துவிடும். அதனால் மனு விசாரணைக்கு வந்த உடனே அதே ஹைகோர்ட்டில் ஓடிப்போய், கடன் தகராறில் இருக்கிறது, விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கேட்போம். விளம்பரத்துக்கு முன்பே எதிர்த்தரப்பைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று 1967இல் நேஷனல் கான்டூட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சித்தப்பா பார்த்த ஸ்டே அநேகமாக அதுதான். ஜில்லா கோர்ட் தடை அல்ல.

அப்போதும் இப்போதும் மாறாத ஒன்று இருக்கிறது. நேர்மையான தகராறில் இருக்கும் கடனை வசூலிக்கக் கலைப்பு மனுவை ஆயுதமாக எடுக்கக்கூடாது. 1965இல் அமால்கமேட்டட் கமர்ஷியல் டிரேடர்ஸ், 1971இல் மது உல்லன் என்று வரிசையாகத் தீர்ப்புகள் உண்டு. புதுச் சட்டம் அந்தக் கொள்கையை எடுத்து 8, 9 பிரிவுகளுக்குள்ளேயே வைத்துவிட்டது. முன்பு தடையாணை செய்த வேலையை இப்போது உன் பதில் நோட்டீஸ் செய்யும். 8(2)இன்படி 10 நாளுக்குள், தகராறு ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதி, ஆதாரத்தோடு அனுப்பு. தகராறு என்றால் கோர்ட் வழக்கோ ஆர்பிட்ரேஷனோ (தனி நடுவர் விசாரணை) நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை, சரக்கின் தரம் பற்றிய சண்டையும் தகராறுதான் என்று 5(6) சொல்கிறது. அந்தத் தகராறு உண்மையில் இருந்தால் 9(5)இன்படி மனுவைத் தள்ளியே ஆகவேண்டும், என்சிஎல்டிக்கு வேறு வழி கிடையாது.

2017 செப்டம்பரில் வந்த மொபிலாக்ஸ் தீர்ப்பை உன் வக்கீலிடம் கேள். ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்கு எஸ்எம்எஸ் ஓட்டு சேகரித்த வேலைக்கான பாக்கி அது. ரகசிய ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அதனால் பணத்தை நிறுத்துகிறேன் என்று 2015 ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. நோட்டீஸ் வந்ததோ 2016 டிசம்பரில். அந்தப் பழைய மின்னஞ்சல்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. தகராறில் நீ ஜெயிப்பாயா என்று என்சிஎல்டி பார்க்காது. மேலும் விசாரிக்கவேண்டிய விஷயம் இருக்கிறதா, இல்லை பணம் கொடுக்காமல் இருக்கக் கட்டிய கதையா, அதை மட்டும்தான் பார்க்கும். உன்னிடம் எதிர்த்தரப்பு இன்ஜினியர் கைப்பட எழுதிய ரிப்போர்ட்டே இருக்கிறது. அதை விடவா ஒரு ஆதாரம் வேண்டும்? ஒரிஜினலை பத்திரமான இடத்தில் வை.

தொண்டிக்காரன்

கோலாலம்பூரில் கம்பெனி செக்ரட்டரி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் தொண்டி. உங்கள் மச்சான் சொன்னது இந்த ஊருக்குச் சரி. இங்கே அதற்கு ஃபார்ச்சூனா தடையாணை என்றே பெயர். ஃபார்ச்சூனா ஹோல்டிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய வழக்கிலிருந்து வந்த பெயர் அது. இரண்டு வழியில் கேட்கலாம். ஒன்று, மனு ஜெயிக்க வாய்ப்பே இல்லை, போட்டாலோ கம்பெனிக்கு ஈடுசெய்ய முடியாத சேதம் வரும் என்று காட்டவேண்டும். இன்னொன்று, இந்தத் தகராறைத் தீர்க்க இதைவிடப் பொருத்தமான வழி இருக்கும்போது இவர்கள் வேண்டுமென்றே கலைப்பு மனுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டவேண்டும். இங்கிலாந்திலும் 1968இல் மான் எதிர் கோல்ட்ஸ்டீன் வழக்கிலிருந்து இதே போக்குதான். கடனே தகராறு என்றால் அவன் கடன் கொடுத்தவனா என்பதே முடிவாகவில்லை, பிறகு எந்த உரிமையில் கலைப்பு மனு போடுகிறான் என்று அந்தக் கோர்ட்டுகள் கேட்கும்.

எங்களுக்கு ஏன் அந்தத் தடை அவ்வளவு அவசரம் தெரியுமா? இங்கே மனு போட்ட நாளே ஆபத்து. மனு விளம்பரமாகிறது, பேங்க் கணக்கை நிறுத்திவிடுகிறது, மனுவுக்குப் பிறகு கம்பெனி செய்யும் பணப் பட்டுவாடா செல்லாது என்று பின்னால் ஆகிவிடும் பயமும் இருக்கிறது. மனுவில் கடைசியில் நாம் ஜெயித்தாலும் அதற்குள் கடையைக் கட்டவேண்டியதுதான். அதனால் வாசலிலேயே நிறுத்தவேண்டும். இந்தியாவில் புதுச் சட்டப்படி பொது அறிவிப்பு வருவது மனுவை ஏற்ற பிறகுதான், போட்ட உடனே அல்ல என்று நினைக்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் உறுதி செய்யவேண்டும். அப்படியென்றால் உங்களுக்குச் சண்டைக் களம், மனுவை ஏற்பதா வேண்டாமா என்று பார்க்கும் ஏற்பு விசாரணைதான். இங்குள்ள மருந்தை அங்கே தேடவேண்டாம்.

பழையகட்டு

தொண்டிக்காரன் சொன்னது சரி. ஏற்றால்தான் மொரட்டோரியம் (கம்பெனி மேல் வழக்கு, வசூல் எல்லாவற்றுக்கும் தடை), ஏற்றால்தான் பொது அறிவிப்பு. ஆனால் ஏற்றுவிட்டால் மலேசியாவை விட இங்கே அடி பலம். அன்றைக்கே டைரக்டர்களின் அதிகாரம் போய், இடைக்காலத் தீர்வாளர் என்று ஒருவர் வந்து உட்காருவார், பேங்க் கணக்கில் கையெழுத்து அவருடையது. படகுக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய காசுக்கும் அவரைத்தான் பார்க்கவேண்டும். அப்பீல் உண்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்சிஎல்ஏடிக்கு 30 நாள், சென்னையிலேயே பெஞ்ச் இருக்கிறது. ஆனாலும் அந்த நிலைக்கு விடக்கூடாது.

ஐஸ்வண்டி

நான் எதிர்ப்பக்கத்து ஆள், அதையும் கொஞ்சம் கேளுங்கள். இந்தக் கரையில் ஐஸ் கொடுத்தவன், டீசல் கொடுத்தவன், தெர்மோகோல் பெட்டி கொடுத்தவன் எல்லோருக்கும் தெரியும், தகராறு என்ற வார்த்தை எப்போது பிறக்கிறது என்று. சரக்கு எடுக்கும்போது அண்ணே, தம்பி என்பார்கள், சீசன் முழுக்க ஒரு குறையும் வராது. பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் உடனே ஐஸ் உருகியது, எடை குறைந்தது. ஒரு ஏற்றுமதிக் கம்பெனி எனக்குச் செய்தது அதுதான், பெயர் வேண்டாம். வாங்கிய நாள் தொட்டு ஒரு சீட்டில்கூடக் குறை எழுதவில்லை, நோட்டீஸ் போன பிறகு எட்டுப் பக்கத்துக்குக் குறை எழுதி அனுப்பினார்கள். அதனால் சாக்குக்கும் உண்மைத் தகராறுக்கும் வித்தியாசம் பார்க்கும் அந்தச் சோதனை எங்களுக்கும் தேவை. வேதாளைக்கரை தம்பி விஷயம் வேறு, அவர் அப்போதே எழுதியிருக்கிறார், அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது.

என் பாக்கிக்கு என்சிஎல்டி கதவே திறக்காது. 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்சம் 1 கோடி இருந்தால்தான் போகமுடியும், முன்னே 1 லட்சம் இருந்தது. நாலு ஐஸ்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து கூட்டிக் கணக்குக் காட்டவும் முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். என்னைப் போன்றவர்கள் யாராவது இதைப் படித்தால், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுதொழில் சட்டப்படி எவ்வளவு இழுத்தாலும் 45 நாளில் பணம் வரவேண்டும், தாண்டினால் ரிசர்வ் பேங்க் வட்டியைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டி. அரசின் சிறுதொழில் இணையதளத்தில் புகார் போட்டால், பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதி கவுன்சிலுக்குப் போகும். அங்கே தீர்ப்பு வந்தபின் வாங்கியவன் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகவேண்டுமானால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போகமுடியும். கம்பெனியைக் கலைக்கிறேன் என்று மிரட்டுவதைவிட எங்களுக்கு அது பயன். கம்பெனியே திவாலுக்குப் போனால் பேங்குக்குப் போக மிச்சம்தான் எங்களுக்கு, பெரும்பாலும் மிச்சமே இருக்காது.

பேரேடு

ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். தம்பி, வக்கீல் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது, உங்கள் கணக்குப் புத்தகம். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தேடும். மார்ச் 31க்கு இவ்வளவு பாக்கி என்று பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் வந்ததா, அதில் யாராவது கையெழுத்துப் போட்டார்களா? ஆண்டறிக்கையில் அந்த 91 லட்சம் சாதாரணப் பாக்கியாகவே நிற்கிறதா, இல்லை தகராறு என்று குறிப்பு இருக்கிறதா? முழு பில்லுக்கும் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு (பில்லில் உள்ள வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்தீர்களா? இவை மூன்றும், கடனை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று காட்ட எடுத்து நீட்டப்படும். குறையை அப்போதே எழுதியிருந்தால் இதனால் தகராறு செத்துப்போகாது, ஆனால் பதில் சொல்லத் தயாராக இருக்கவேண்டும். தூத்துக்குடிக் குளிர்கிடங்கு வாடகை, வண்டி வாடகை பில்கள், அந்த நாட்களின் வெப்பநிலைப் பதிவேடு, வாங்கியவன் விலை குறைத்த டெபிட் நோட் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுங்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் வெப்பநிலைப் பதிவேடு எப்படியும் இருக்கும், ஒவ்வொரு ஷிப்டும் எழுதுவீர்கள். அதை எங்களுக்குத் தெரிந்து பலர் வழக்கில் கொண்டுவருவதே இல்லை.

வட்டியையும் பாருங்கள். அசல் 91 லட்சம்தான், வட்டியைச் சேர்த்தால்தான் 1 கோடி தாண்டுகிறது. உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் வட்டி பற்றிப் பேச்சே இல்லையென்றால், அவர்கள் இஷ்டத்துக்கு வட்டி போட்டு வரம்பைத் தாண்ட முடியாது என்று வாதாடலாம். பில்லின் அடியில் சின்ன எழுத்தில் 24 சதவீதம் என்று அச்சடித்திருந்தால் வாதம் இரண்டு பக்கமும் போகும், அப்படிப்பட்ட பில்லை வைத்து வட்டியையும் சேர்த்த தீர்ப்பு உண்டு. அதனால் அதை இரண்டாவது வாதமாக வையுங்கள். முதல் வாதம் ஃப்ரீசர்தான்.

வேதாளைக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று முழுக்கப் பழைய ஃபைலைத்தான் புரட்டினோம். பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வந்திருக்கிறது. அக்கா அதை அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை, கீழே "ஃப்ரீசர் மாற்றித் தரும்வரை இந்தத் தொகை ஏற்கப்படவில்லை" என்று எழுதித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார், கூரியர் ரசீதும் இருக்கிறது. வெப்பநிலைப் பதிவேடும் கிடைத்துவிட்டது. பர்ச்சேஸ் ஆர்டரில் வட்டி இல்லை, பில்லின் அடியில் இருக்கிறது.

ஐஸ்வண்டி அண்ணே, நீங்கள் சொன்னது நியாயம். எங்கள் ஐஸ் பாக்கி, படகு பாக்கி எதையும் இதைக் காட்டி நிறுத்தவில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். சமாதானமாகப் போகலாம், 40 லட்சம் தவணையில் தருகிறோம் என்று பதிலிலேயே எழுதலாமா என்று சித்தப்பா கேட்கிறார். எங்கள் நஷ்டத்துக்கு இப்போதே ஒரு வழக்குப் போட்டால் அது தகராறு என்பதற்குப் பலமாகுமா? எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று சென்னை என்சிஎல்டியில் முன்கூட்டியே கேவியட் போடவேண்டுமா?

பழையகட்டு

அந்தப் பதிலில் தவணைப் பேச்சு ஒரு வரிகூட வேண்டாம். எவ்வளவு தருகிறேன் என்று எழுதினாலும் அந்த அளவுக்குக் கடனை ஒத்துக்கொண்டதாகத்தான் படிப்பார்கள். சமாதானம் பேசவேண்டுமா, இரண்டு வக்கீல்களும் தனியாகப் பேசட்டும், உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் என்று எழுத்தில் போட்டுக்கொண்டு. பதில் நோட்டீஸ் ஃப்ரீசரை மட்டும் பேசவேண்டும். எந்தத் தேதியில் மாட்டினார்கள், எந்தத் தேதியில் மைனஸ் 10இல் நின்றது, யாருக்கு எழுதினீர்கள், ரிப்போர்ட்டில் என்ன எழுதினார், அக்கா என்ன எழுதித் திருப்பினார். கோபமாக எழுதாதே, தேதியாக எழுது. ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பு, அவர்கள் வக்கீல் மெயிலுக்கும் அனுப்பு. வாட்ஸ்அப், மெயில் பிரிண்டுகளுக்குப் புதுச் சாட்சியச் சட்டம் பிரிவு 63இன்படி சான்றிதழ் தேவைப்படும், அந்த மெசேஜ் இருக்கும் போனை யாரும் ரீசெட் செய்யாமல் பார்த்துக்கொள்.

வழக்கு விஷயம்: நோட்டீஸ் வந்த பிறகு போடும் வழக்கு, முன்பே தகராறு இருந்தது என்பதற்கு ஆதாரமாகாது. சட்டமே நோட்டீசுக்கு முந்திய வழக்கைத்தான் கேட்கிறது. உனக்குப் பழைய கடிதங்கள் இருக்கும்போது அது தேவையும் இல்லை. ஆனால் நஷ்டத்தை வசூலிக்க வழக்கு வேண்டும், அது தனி விஷயம். ஆர்டரில் ஆர்பிட்ரேஷன் பிரிவு இருக்கிறதா பார். இல்லையென்றால் வணிக நீதிமன்றம், அவசரத் தடை கேட்காத வழக்குக்கு முதலில் சமரசத்துக்குப் போய்விட்டு வரவேண்டும் என்பதும் கட்டாயம், 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு.

நீ பதில் அனுப்பிய பிறகும் அவர்கள் அதை மறைத்து மனு போட்டால், மறைத்ததற்குத் திவால் சட்டம் பிரிவு 76 இருக்கிறது, தண்டனை வரைக்கும் போகும். கெட்ட எண்ணத்தோடு போட்ட மனு என்று காட்டமுடிந்தால் பிரிவு 65இல் 1 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதம். இதைப் பதிலின் கடைசிப் பத்தியில் நிதானமாக ஒரு வரி எழுதி வைக்கச் சொல்.

கேவியட் போடுவதில் தவறில்லை, போட்டுவிடு. அதைவிட முக்கியம், மனுவின் நகலை உன் பதிவு அலுவலகத்துக்கு அவர்கள் அனுப்பவேண்டும், தபாலிலோ மெயிலிலோ. இந்தப் பக்கத்தில் பல கம்பெனிகளுக்குப் பதிவு முகவரி இன்னும் ராமநாதபுரத்தில் பழைய வீடாகவே இருக்கும், மெயில் ஐடி எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையுடையதாக இருக்கும். நோட்டீஸ் அங்கே போய்க் கிடக்க, சென்னையில் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிட்ட கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி விவகாரத் துறைத் தளத்தில் உங்கள் முகவரியும் மெயிலும் என்ன என்று இன்று ராத்திரியே பார்த்துவிடு.

வேதாளைக்கரை

பார்த்துவிட்டேன் சார். முகவரி சரி, மெயில் பழைய ஆடிட்டருடையது. நாளைக் காலை மாற்ற மனு கொடுத்துவிட்டு, அப்படியே மதுரைக்குக் கிளம்புகிறோம். பதில் தயாரானதும் பெயர், தொகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.